இந்தியாவில் போக்கிமான் கையடக்க ஆட்டங்கள்

போக்கிமான் கையடக்க ஆட்டங்கள் என்பவை ஜப்பானைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க ஆட்டக் கருவிகளுக்காக 1996 ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டு வரும் நிகழ்பட ஆட்டங்கள் ஆகும். கையடக்கக் கருவிகளில் உலகில் மிக அதிகமாக விற்பனையான ஆட்டத் தொடர்களுள் போக்கிமானும் ஒன்று. எனினும் இந்தியாவில் இத்தொடரின் கதையும் மாந்தரும் தொலைக்காட்சி வழியே பரவலாக அறியப்பட்ட அளவிற்கு, மூலமான ஆட்டங்கள் விற்பனையாகவில்லை. பிக்காச்சு என்னும் பெயரை அறிந்த இந்தியச் சிறார்களுள் பெரும்பாலோர், அப்பாத்திரம் ஒரு நிகழ்பட ஆட்டத்தில் தோன்றியது என்பதை அறியாமலே வளர்ந்தனர்.

விலை, பகிர்வு, மொழி, திருட்டுப் படிகள், கைபேசியின் வளர்ச்சி ஆகியன இதற்குக் காரணங்களாகும். இவற்றோடு, இவ்வாட்டம் அருகில் மற்றோர் ஆட்டக்காரர் இருப்பார் என்ற எதிர்பார்ப்பிலேயே வடிவமைக்கப்பட்டது என்பதும் முதன்மையான காரணமாகும்.

பின்னணி

போக்கிமான் ஆட்டத்தை உருவாக்கியவர் சதோசி தஜிரி. இவரது கேம் ஃபிரீக் நிறுவனம் உருவாக்கிய முதல் இரு பதிப்புகளான சிவப்பு, பச்சை ஆகியன 1996 பெப்ரவரி 27 அன்று கேம் பாய் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தன. ஆட்டக்காரர் பல்வேறு உயிரினங்களைப் பிடித்து, பயிற்சி அளித்து, பிற பயிற்சியாளர்களின் உயிரினங்களுடன் மோதச் செய்வதே ஆட்டத்தின் அடிப்படை. ஆட்டத்தின் வெற்றியைத் தொடர்ந்து 1997 ஏப்ரலில் இயங்குபடத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 1998 இல் ஆட்டம் அமெரிக்காவிற்குச் சென்றது.

உலக அளவில் சில முதன்மைப் பதிப்புகளின் விற்பனை பின்வருமாறு:

- சிவப்பு, பச்சை, நீலம் (கேம் பாய், 1996): ஏறத்தாழ 3.1 கோடி படிகள்
- கோல்டு, சில்வர் (கேம் பாய் கலர், 1999): ஏறத்தாழ 2.3 கோடி
- ரூபி, சஃபயர் (கேம் பாய் அட்வான்ஸ், 2002): ஏறத்தாழ 1.6 கோடி
- டயமண்ட், பேர்ல் (நிண்டெண்டோ டிஎஸ், 2006): 1.7 கோடிக்கு மேல்
- எக்ஸ், ஒய் (நிண்டெண்டோ 3டிஎஸ், 2013): 1.6 கோடிக்கு மேல்
- சுவோர்டு, ஷீல்டு (நிண்டெண்டோ சுவிட்ச், 2019): 2.5 கோடிக்கு மேல்

2022 நவம்பரில் வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் பதிப்புகள் முதல் மூன்று நாட்களிலேயே உலகெங்கும் ஒரு கோடி படிகள் விற்பனையாயின. ஆகவே கையடக்கக் கருவியில் விற்பனை குறைவு என்பது இத்தொடரின் பொதுவான இயல்பு அன்று. அது இந்தியா போன்ற குறிப்பிட்ட சில சந்தைகளின் நிலையாகும்.

இந்தியாவில் அறிமுகம்

இந்தியாவில் போக்கிமான் ஆட்டமாக அன்றித் தொலைக்காட்சித் தொடராகவே அறிமுகமானது. 2003 ஆம் ஆண்டு கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சி இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. அக்காலத்தில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களுடன் இலவசமாக வழங்கப்பட்ட ‘டாசோ’ எனப்படும் வட்டச் சில்லுகளிலும் போக்கிமான் உருவங்கள் இடம்பெற்றன. பள்ளிச் சிறுவர்கள் அவற்றைச் சேர்த்தும், தம்முள் மாற்றிக்கொண்டும் விளையாடினர். 2014 ஆம் ஆண்டு முதல் ஹங்காமா தொலைக்காட்சியில் இத்தொடர் இந்தியுடன் தமிழிலும் தெலுங்கிலும் ஒலிமாற்றம் செய்யப்பட்டு ஒளிபரப்பானது.

தமிழ்நாட்டில் இத்தகைய தொடர்கள் சிற்றூர்கள் வரை சென்று சேர்ந்ததற்கு அரசின் திட்டங்களும் துணைபுரிந்தன. 2006 இல் தொடங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், அதுவரை தொலைக்காட்சி இல்லாத வீடுகளுக்கும் அதைக் கொண்டு சேர்த்தது. 2011 இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கத் தொடங்கியது. ஆகவே போக்கிமான் கதையைக் காண்பதற்கு ஒரு குடும்பம் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆட்டத்திற்கோ தனிக் கருவியும் தனிப் பேழையும் (கார்ட்ரிட்ஜ்) தேவைப்பட்டன.

ஜப்பானில் ஆட்டம் முதலிலும் தொடர் பின்னரும் வந்தன. அங்கு தொடரைக் கண்ட சிறுவனுக்கு அது ஏற்கெனவே தன் பையில் உள்ள ஆட்டத்தின் நீட்சி. இந்தியாவில் இவ்வரிசை தலைகீழானது. தொடர் வந்தது, அதன் பின்னால் வர வேண்டிய ஆட்டம் கடைகளுக்குப் போதிய அளவில் வரவில்லை.

குறைந்த விற்பனைக்கான காரணங்கள்

பகிர்வு

அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்கொரியா ஆகிய இடங்களில் நிண்டெண்டோ தன் துணை நிறுவனங்களை அமைத்தது. இந்தியாவில் அவ்வாறு அமைக்காமல், பகிர்வாளர்கள் வழியாகவே தன் கருவிகளை விற்றது. 1990களில் ‘சாமுராய்’ என்ற பெயரில் தொலைக்காட்சியுடன் இணைக்கும் நிண்டெண்டோ கருவி இந்தியாவில் விற்கப்பட்டது. ஆயினும் அதைவிட மலிவான போலிக் கருவிகளே பெருமளவில் பரவின. ‘டிவி கேம்’, ‘வீடியோ கேம்’ என்று பேச்சு வழக்கில் அழைக்கப்பட்டவை பெரும்பாலும் இவையே.

கையடக்கக் கருவிகளை வாங்க விரும்பியோர், வெளிநாட்டில் பணிபுரியும் உறவினரிடம் சொல்லி அனுப்புவதும், சென்னையின் பர்மா பசார், ரிச்சி தெரு போன்ற இடங்களில் இறக்குமதிப் பொருளாக வாங்குவதும் வழக்கமாக இருந்தன. இவ்வாறு வாங்கிய கருவிக்கு உள்நாட்டு உத்தரவாதம் கிடையாது. பழுதானால் சீர்செய்ய அதிகாரப்பூர்வ நிலையமும் எளிதில் கிடைக்காது.

இணையக் கடைகள் வந்த பின்னரும் இந்நிலை முழுமையாக மாறவில்லை. 2017 இல் சுவிட்ச் கருவி வெளிவந்தபோது, நிண்டெண்டோவின் இணைய ஆட்டக் கடையில் இந்தியாவிற்கெனத் தனிப் பிரிவு இருக்கவில்லை. இந்தியப் பயனர்கள் தம் கணக்கில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அந்நாட்டு நாணயத்தில் வாங்க வேண்டியிருந்தது.

விலை

2003 இல் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி கருவியின் அமெரிக்க விலை ஏறத்தாழ 100 டாலர். அன்றைய நாணய மாற்று மதிப்பில் இது 4,500 ரூபாய்க்கு மேல். ஒவ்வோர் ஆட்டப் பேழைக்கும் மேலும் 30 முதல் 35 டாலர் வரை ஆகும். சுங்க வரி, இறக்குமதியாளர் இலாபம் ஆகியன சேரும்போது இந்திய விலை இதனினும் உயரும். 2019 இல் வெளிவந்த சுவோர்டு, ஷீல்டு பதிப்புகளின் அமெரிக்க விலை 60 டாலர், அதாவது 4,000 ரூபாய்க்கு மேல் ஆகும்.

வரியும் ஒரு காரணமாக அமைந்தது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, நிகழ்பட ஆட்டக் கருவிகள் 28 விழுக்காடு என்ற உயர் வரி விகிதத்தில் வைக்கப்பட்டன. 2019 சனவரி முதல் இது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

விலையைப் பொருத்தவரை மற்றொரு வேறுபாடும் உண்டு. தொலைக்காட்சியுடன் இணைக்கும் கருவியைக் குடும்பம் முழுவதும் பயன்படுத்த இயலும். சிறிய திரை கொண்ட கையடக்கக் கருவி ஒரே ஒருவருக்கு உரியது. ஒரு குழந்தையின் தனிப் பயன்பாட்டிற்காக இவ்வளவு தொகையைச் செலவிடுவது பெரும்பாலான இந்தியக் குடும்பங்களின் வழக்கத்தில் இல்லை.

இணை ஆட்டக்காரர் தேவை

போக்கிமான் ஆட்டம் பெரும்பாலும் இரு பதிப்புகளாக வெளியிடப்படுகிறது. ஒரு பதிப்பில் கிடைக்கும் சில உயிரினங்கள் மற்றதில் கிடைக்கா. எடுத்துக்காட்டாக, மேலை நாடுகளில் வெளிவந்த சிவப்புப் பதிப்பில் எக்கன்ஸ், ஸ்கைத்தர் ஆகியன கிடைக்கும். நீலப் பதிப்பில் அவற்றிற்குப் பதிலாக சாண்ட்ஷ்ரூ, பின்சர் ஆகியன கிடைக்கும். அனைத்தையும் சேர்க்க விரும்பும் ஆட்டக்காரர், மற்றப் பதிப்பை வைத்திருப்பவரிடம் இணைப்பு வடம் வழியாகப் பரிமாற்றம் செய்துகொள்ள வேண்டும். மேலும் கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர் ஆகிய நான்கு உயிரினங்களும் பரிமாற்றம் செய்யப்பட்டால் மட்டுமே அடுத்த நிலைக்கு வளர்ச்சி அடையும்.

இவ்வடிவமைப்பின்படி, ஆட்டத்தின் பயன் அதைச் சுற்றியுள்ள பிற ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையைப் பொருத்தது. தொலைபேசியுடன் இதனை ஒப்பிடலாம். ஊரில் ஒருவரிடம் மட்டுமே தொலைபேசி இருந்தால் அதனால் பயன் இல்லை. ஒவ்வொரு புதிய இணைப்பும் முந்தைய இணைப்புகளின் மதிப்பை உயர்த்தும். பொருளியலில் இது வலையமைப்பு விளைவு எனப்படுகிறது.

ஒரு வகுப்பில் பத்துப் பேரிடம் கருவி இருந்தால், பதினொன்றாவது மாணவர் அதை வாங்குவதற்கு வலுவான காரணம் இருக்கும். ஒருவரிடம் மட்டுமே இருந்தால், அவரே ஆட்டத்தின் ஒரு பகுதியை இழக்கிறார். மற்றவர்களுக்கும் அதை வாங்கத் தூண்டுதல் ஏற்படுவதில்லை. ஆகவே விலையும் பகிர்வுக் குறையும் தொடக்க விற்பனையைக் குறைத்ததோடு நில்லாமல், அடுத்தடுத்த விற்பனையையும் தடுத்தன. சில்லுகளைக் கொண்டு சிறுவர்கள் விளையாடியது, பரிமாறி விளையாடும் விருப்பம் இங்கும் இருந்ததையே காட்டுகிறது. அதற்குத் தேவையான கருவி மட்டுமே இல்லை.

மொழியும் எழுத்தும்

இவ்வாட்டங்கள் உரையை அடிப்படையாகக் கொண்டவை. ஊர் மக்கள் கூறும் குறிப்புகளைப் படித்தே அடுத்து எங்குச் செல்வது என்பதை ஆட்டக்காரர் அறிகிறார். 2022 இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் பதிப்புகள் ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, இடாய்ச்சு, இத்தாலியம், எசுப்பானியம், கொரியம், இருவகைச் சீன எழுத்துகள் என ஒன்பது தெரிவுகளில் வெளிவந்தன. இந்திய மொழி எதுவும் இவற்றுள் இல்லை. தமிழில் தொடரைக் கண்ட தமிழ்வழிக் கல்வி மாணவர், ஆட்டத்தை ஆங்கிலத்திலேயே ஆட வேண்டும்.

தொடக்க காலத்தில் இதற்குத் தொழில்நுட்பத் தடையும் இருந்தது. கேம் பாய் கருவியின் திரை 160×144 படப்புள்ளிகள் கொண்டது. அது 8×8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக, குறுக்கே 20, நெடுக்கே 18 எனப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்தையோ ஜப்பானியக் கானா எழுத்தையோ ஒரு கட்டத்தில் அடக்க இயலும். தமிழில் ‘ண’, ‘ஞ’ போன்ற அகன்ற எழுத்துகளும், ‘ணூ’, ‘ஞூ’ போன்ற உயிர்மெய்களும் எட்டுப் புள்ளி அகலத்தில் தெளிவாக அமையா. ‘கொ’ போன்ற எழுத்துகளில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் வருவதால், ஒரு எழுத்திற்கே மூன்று கட்டங்கள் தேவைப்படும்.

உயர் தெளிவுத் திரையும் ஒருங்குறி எழுத்துருக்களும் உள்ள பிற்காலக் கருவிகளில் இத்தடை இல்லை. மொழிபெயர்ப்புச் செலவை ஈடுசெய்யும் அளவிற்கு விற்பனை இருக்குமா என்ற வணிகக் கேள்வியே எஞ்சுகிறது. மொழி இல்லாததால் விற்பனை குறைகிறது. விற்பனை குறைவதால் மொழி சேர்க்கப்படுவதில்லை.

எமுலேட்டர்களும் போலிப் பேழைகளும்

ஒரு கருவியின் வன்பொருளைப் போலவே கணினியையோ கைபேசியையோ நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருள் எமுலேட்டர் எனப்படும். கேம் பாய் அட்வான்ஸ் கருவியின் செயலி ஏறத்தாழ 16.8 மெகாஹெர்ட்சு வேகம் மட்டுமே உடையது என்பதால், 2000களின் எளிய கணினிகளே அதைப் போல இயங்கப் போதுமானவை. விஷுவல்பாய் அட்வான்ஸ் போன்ற மென்பொருட்கள் இணைய மையங்களிலும் வீட்டுக் கணினிகளிலும் பயன்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச மடிக்கணினிகளும் இதற்குப் போதிய திறன் கொண்டவையே. ஆகவே போக்கிமான் ஆட்டத்தை உண்மையில் ஆடிய இந்தியர்களுள் பலர் நிண்டெண்டோ கருவியைத் தொட்டதே இல்லை.

எமுலேட்டர் என்ற மென்பொருளும், ஆட்டத்தின் நகலும் சட்டப்படி வெவ்வேறானவை. பதிப்புரிமை உடையவரின் இசைவின்றி ஆட்டத்தின் நகலைப் பகிர்வது உரிமை மீறலாகும்.

போலிப் பேழைகளும் விற்கப்பட்டன. ரூபி முதலான பதிப்புகள் ஆட்ட நிலையைச் சேமிக்க 128 கிலோபைட்டு ஃபிளாஷ் நினைவகத்தைப் பயன்படுத்தின. போலிப் பேழைகள் பலவற்றில் இந்நினைவகம் முறையாக அமைக்கப்படாததால், பல நாள் ஆடிய ஆட்டம் சேமிக்கப்படாமல் அழிந்துபோவது உண்டு. எமுலேட்டரிலும் இந்நினைவக அளவைச் சரியாக அமைக்காவிடில் இதே சிக்கல் எழும். பரிமாற்றத்திற்கு வழி இல்லாமையால், பரிமாற்றம் இன்றியே உயிரினங்கள் வளர்ச்சி அடையுமாறு ஆர்வலர்கள் ஆட்டத்தைத் திருத்தி வெளியிட்ட பதிப்புகளும் பரவின. இணை ஆட்டக்காரர் இல்லாத நிலைக்கு ஆட்டக்காரர்களே கண்ட தீர்வாக இதைக் கருதலாம்.

கைபேசி

கையடக்கக் கருவிக்கான சந்தை இந்தியாவில் உருவாகும் முன்னரே கைபேசி அவ்விடத்தைப் பிடித்தது. பேசவும், பணம் செலுத்தவும், படிக்கவும் பயன்படும் கருவியிலேயே ஆட்டமும் கிடைத்ததால், ஆட்டத்திற்கு மட்டும் எனத் தனிக் கருவி வாங்கும் தேவை எழவில்லை. கைபேசி ஆட்டங்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்தன. 2018 இல் வெளிவந்து, 2020 செப்டம்பரில் இந்திய அரசால் தடை செய்யப்பட்ட பப்ஜி மொபைல் ஆட்டத்தின் பரவல், இந்தியாவில் ஆட்டம் ஆடுவோர் குறைவு என்ற கருத்து தவறானது என்பதைக் காட்டியது.

போக்கிமான் கோ

நியாண்டிக் நிறுவனம் உருவாக்கிய போக்கிமான் கோ என்ற கைபேசி ஆட்டம் 2016 சூலையில் சில நாடுகளில் வெளிவந்தது. இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வெளிவரும் முன்னரே பலர் அதன் நிறுவல் கோப்பைப் பிற வழிகளில் பெற்று ஆடினர். வழிபாட்டிடங்களில் ஆட்டத்தின் முட்டைகள் தோன்றுவது சமய உணர்வைப் புண்படுத்துகிறது எனக் கூறி 2016 செப்டம்பரில் குசராத்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு ஒன்றும் தொடரப்பட்டது. 2016 திசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவுடன் இணைந்து இவ்வாட்டம் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஜியோ, ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகள் பல ஆட்டத்தின் நிறுத்தங்களாகவும் உடற்பயிற்சிக் கூடங்களாகவும் இடம்பெற்றன. 2023 செப்டம்பரில் ஆட்டம் இந்தி மொழியிலும் கிடைத்தது. 2025 இல் நியாண்டிக்கின் ஆட்டப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனம் வாங்கியது.

விலை, பகிர்வு ஆகிய இரு தடைகளையும் போக்கிமான் கோ நீக்கியது. எனினும் அடர்த்திச் சிக்கல் வேறு வடிவில் தொடர்ந்தது. ஆட்டத்தின் நிறுத்தங்கள், நியாண்டிக்கின் முந்தைய ஆட்டமான இங்கிரெஸ் ஆட்டக்காரர்கள் பரிந்துரைத்த இடங்களின் தரவிலிருந்து பெருமளவு பெறப்பட்டவை. ஆட்டக்காரர் மிகுந்த நகரங்களில் நிறுத்தங்களும் மிகுந்தன. சிற்றூர்களில் அவை அரிதாயின. கோயில், சிற்பம், பூங்கா, நூலகம் போன்ற பொது இடங்கள் நிறுத்தமாகத் தகுதி உடையவை. இவ்வகையில் தென்காசி காசிவிசுவநாதர் கோயிலும், கீழப்பாவூரில் உள்ள பதினாறு திருக்கரங்கள் கொண்ட நரசிம்மர் கோயிலும், குற்றால அருவிப் பகுதியும் தகுதிக்குக் குறைவானவை அல்ல. ஆனால் ஓர் இடத்தைப் பரிந்துரைக்க அங்கு ஏற்கெனவே ஆட்டக்காரர் இருக்க வேண்டும். ஆட்டக்காரர் இல்லாத ஊரில் நிறுத்தம் இல்லை. நிறுத்தம் இல்லாத ஊரில் ஆட்டக்காரர் உருவாவதில்லை.

பிற சந்தைகளுடனும் தொடர்களுடனும் ஒப்பீடு

சீனாவில் 2000 ஆம் ஆண்டு முதல் நிகழ்பட ஆட்டக் கருவிகளின் விற்பனைக்குத் தடை இருந்தது. 2015 இல் நாடு முழுவதும் அது நீக்கப்பட்டது. தடைக் காலத்திலும் போக்கிமான் அங்கு திருட்டுப் படிகள் வழியே பரவியது. சீன மொழியைச் சேர்க்குமாறு ஆர்வலர்கள் தொடர்ந்து கோரினர். 2016 இல் வெளிவந்த சன், மூன் பதிப்புகளில் முதன்மைத் தொடரில் முதன்முறையாகச் சீனம் இடம்பெற்றது.

பிரேசிலில் உயர்ந்த இறக்குமதி வரியைக் காரணம் காட்டி, நிண்டெண்டோ 2015 சனவரியில் தன் கருவிகள், ஆட்டங்களின் பகிர்வை நிறுத்தியது. பின்னர் 2020 இல் சுவிட்ச் கருவியை அங்கு அதிகாரப்பூர்வமாக வெளியிட்டது.

இந்தியாவில் நேரடியாகச் செயல்பட்ட சோனி நிறுவனத்தின் நிலையும் குறிப்பிடத்தக்கது. அந்நிறுவனத்தின் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்காக, கோலி, கபடி போன்ற இந்திய விளையாட்டுகளைக் கொண்ட ‘தேசி அட்டா’ என்ற ஆட்டம் 2009 இல் வெளியிடப்பட்டது. 2012 பெப்ரவரியில் பிளேஸ்டேஷன் வீட்டா கருவி 19,990 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சோனிக்குப் பகிர்வு வலையமைப்பு இருந்தும், கைபேசியின் வளர்ச்சிக்கு முன் வீட்டா நிலைக்கவில்லை. ஆகவே பகிர்வை மட்டும் சீர்செய்வது போதுமானதாக இருந்திருக்கும் எனக் கூற இயலாது.

கருவி பரவலாக இருந்தும் ஆட்டம் விற்பனையாகாத நிலையும் உண்டு. 2008 இல் வெளிவந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 ஆட்டம், வீட்டுக் கருவிகளில் முதல் வாரத்திலேயே உலகெங்கும் 60 இலட்சம் படிகள் விற்பனையானது. அதே தொடரின் சைனாடவுன் வார்ஸ் 2009 மார்ச்சில் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வெளிவந்து திறனாய்வாளர்களின் பெரும் பாராட்டைப் பெற்றும், அமெரிக்காவில் அம்மாதத்தில் 90,000 படிகளுக்கும் குறைவாகவே விற்பனையானது. வயது வந்தோருக்கான இத்தொடரின் வாசகர்களும், டிஎஸ் கருவியை வைத்திருந்தோரும் பெருமளவு வெவ்வேறு மக்களாக இருந்ததே இதற்குக் கூறப்படும் காரணம். இந்தியப் போக்கிமான் நிலை இதற்கு மாறானது. இங்கு விரும்புவோர் இருந்தனர், கருவியே இல்லை.

தாக்கம்

விற்பனை குறைவு என்பது ஆர்வம் குறைவு என்று பொருள்படாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும். திருட்டுப் படி வழியாகவோ எமுலேட்டர் வழியாகவோ ஆடியவர்கள் எந்த விற்பனைக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஒரு நிறுவனம் விற்பனை எண்ணிக்கையை மட்டும் கொண்டு மொழியையும் சந்தையையும் தீர்மானித்தால், இம்மக்கள் அதன் பார்வைக்கு வருவதே இல்லை. தொலைக்காட்சியில் தமிழ் பேசிய பாத்திரங்கள் ஆட்டத்தில் தமிழ் பேசாததற்கு இதுவே காரணம். தமிழில் ஆட்டங்களை உருவாக்க முனைவோருக்கும் இது பொருந்தும். அத்தகைய ஆட்டம் மக்களிடம் ஏற்கெனவே உள்ள கருவியில் இயங்க வேண்டும். அருகில் வேறு ஆட்டக்காரர் இல்லாதபோதும் முழுமையாக ஆடக்கூடியதாக இருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- நிண்டெண்டோ
- கேம் பாய்
- போக்கிமான் கோ
- எமுலேட்டர்
- வலையமைப்பு விளைவு
- தமிழ் ஒருங்குறி